துருவுக்கும் விலை உண்டு, பெயர் இருந்தால்

போன ஞாயிற்றுக்கிழமை இராஜபாளையத்தில் வாசிப்பு வட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். தென்காசி சாலையில் ஒரு பட்டறையில் டிங்கர் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கைப்பேசியை நீட்டினார். ஒரு விற்பனை விளம்பரம். 1960-களில் இத்தாலியில் செய்த கார். இரண்டே கதவு, நீண்ட மூக்கு. பெயின்ட் வெளிறிக் கிடக்கிறது, கதவின் அடிப்பாகத்தில் துரு, சீட்டுத் தோல் கிழிந்திருக்கிறது. விலை எழுதவில்லை. விரும்புவோர் கேட்டால் சொல்லப்படும் என்று மட்டும் போட்டிருந்தது.

“அண்ணே, எங்க பட்டறைக்கு இது வந்தா, ‘எடைக்குப் போட்டுருங்க சார்’னுதான் சொல்லுவோம். இவன் கோடிக்கணக்குல கேப்பான் போல. துருவுக்கு எப்படிண்ணே இவ்வளவு விலை?”

கூட இருந்த கல்லூரித் தோழர் ஒருவர் சிரித்தார். “பணக்காரன் பொம்மைடா. நமக்கு எதுக்கு அது?”

அன்று பதில் சொல்லாமல் கலைந்துவிட்டோம். ஆனால் தம்பியின் கேள்வி நல்ல கேள்வி. வீட்டுக்கு வந்தும் விடவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப்போனால் அது நம் ஊர் பஸ் நிலையத்தில்தான் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

ஒரு காரின் விலை எங்கே இருக்கிறது?

முதலில் கார். ‘கிரான் டூரிஸ்மோ’ என்றால் இத்தாலிய மொழியில் நெடும்பயணம் என்று பொருள். ஜி.டி. என்று நாம் பைக்கிலும் காரிலும் பார்க்கும் எழுத்துகள் அங்கிருந்து வந்தவைதான். ஒரு காலத்தில் ஐரோப்பியப் பிரபுக்களின் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் இத்தாலி வரை ஊர் சுற்றப் போவார்கள். அந்தப் பயணத்தின் பெயர் பிறகு காருக்கு வந்தது. இரண்டு பேர், அவர்கள் பெட்டி, இடுப்பு வலிக்காத சீட்டு, நாள் முழுக்க வேகமாக ஓடினாலும் சளைக்காத எஞ்சின். இதுதான் ஜி.டி. காரின் இலக்கணம். 1951-இல் டூரின் நகரத்து லான்சியா நிறுவனம் கொண்டுவந்த ஔரேலியா ஜி.டி.யைத்தான் இந்த வகையின் முன்னோடி என்று பலரும் சொல்கிறார்கள். பிறகு ஃபெராரி, மசராட்டி, லம்போர்கினி எல்லாம் வந்தன. ஃபெராரி 250 என்ற பெயரில் உள்ள 250, ஒரு சிலிண்டரின் கொள்ளளவு. 12 சிலிண்டர், மொத்தம் சுமார் 3000 சி.சி.

இப்போது துருவின் விலைக்கு வருவோம். 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஓர் ஏலம் நடந்தது. பிரான்சில் ரோஜர் பாயோன் என்று ஒரு லாரி முதலாளி இருந்தார். பழைய கார்களை வாங்கி வாங்கிச் சேர்த்தார், அருங்காட்சியகம் வைக்க ஆசை. 1970-களில் தொழில் நொடித்தது. கார்கள் பண்ணைக் கொட்டகையில் அப்படியே மக்கின. அவரும் போனார், மகனும் போனார். பேரப்பிள்ளைகள் ஏலக்காரர்களைக் கூப்பிட்டுக் கொட்டகையைத் திறந்தபோது சுமார் 60 கார்கள் இருந்தன. பல கார்கள் மேலே கூரை சரிந்து, செடி முளைத்துக் கிடந்தன. ஒரு ஃபெராரி 250 ஜி.டி. கலிபோர்னியா ஸ்பைடர் மட்டும் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் இருந்தது. அந்த ஒரு கார் 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. அன்றைய மதிப்பில் நூறு கோடி ரூபாயைத் தாண்டும். ஏலத்துக்கு முன்னால் அந்தக் கார்களைக் கழுவிப் பளபளப்பாக்கவில்லை. தூசியோடுதான் மேடையில் வைத்தார்கள்.

ஏன்? அந்தக் காரில் பிரெஞ்சு நடிகர் அலேன் டெலோன் உட்கார்ந்திருந்தார். அதற்குப் போட்டோ இருக்கிறது. யார் வாங்கினார், யாருக்கு விற்றார், எந்த ஆண்டு என்ற விவரம் இருக்கிறது. எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆலைப் பதிவேட்டோடு பொருந்துகின்றன. இந்த மாதிரி கார்களை விற்பவர்கள் காரோடு ஒரு கோப்பும் தருவார்கள். பழைய பில், சர்வீஸ் செய்த சீட்டு, உரிமையாளர் எழுதிய கடிதம், பந்தயத்தில் ஓடியிருந்தால் அந்தப் படம். கோப்பு கனமாக இருந்தால் விலை ஏறும். கோப்பு இல்லாத அதே காரின் மதிப்பு பாதாளத்துக்குப் போகும்.

தம்பி, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். துருவுக்கு விலை இல்லை. துருவின் மேல் எழுதப்பட்ட பெயருக்குத்தான் விலை. யாரோ ஒருவர் விடாமல் எழுதிவைத்தார், இன்னொருவர் அதைப் பத்திரப்படுத்தினார், மூன்றாமவர் அதை மதித்தார். இந்த மூன்றும் சேர்ந்தால் பழைய இரும்பு வரலாறு ஆகிறது. நம் அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. 2021-இல் கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டைத் தாண்டிய, மாற்றியமைக்கப்படாத வண்டியைப் பழம்பெரும் வாகனம் என்று பதிவு செய்து தனி நம்பரே வாங்கலாம்.

ஒரு டிங்கரின் பெயர்

அந்தக் கலிபோர்னியா ஸ்பைடரின் உடலை அடித்தவர் யார் என்று தேடினோம். மொடேனா நகரத்து செர்ஜியோ ஸ்காலியெட்டியின் பட்டறை. பிறந்தது 1920. சின்ன வயதிலேயே படிப்பை விட்டுப் பட்டறைக்குப் போனவர். நம் ஊர் மொழியில் சொன்னால் டிங்கர். அலுமினியத் தகட்டை மணல் மூட்டையின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைவு எடுப்பார். நசுங்கிய மட்கார்டை நிமிர்த்தக் கொண்டுவந்த வேலையைப் பார்த்துத்தான் ஃபெராரி முதலாளி அவரிடம் முழுக் காரின் உடலையும் கொடுக்கத் தொடங்கினார்.

உலகத்தில் மிக அதிக விலைக்குப் போன ஃபெராரிகளில் ஒன்றான 250 ஜி.டி.ஓ.வின் உடலும் அவர் பட்டறையில் உருவானதுதான். 1962 முதல் 1964 வரை மொத்தமே 36 கார்கள். அதில் ஒன்று 2018-இல் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நம் கணக்கில் முந்நூறு கோடி ரூபாய்க்கு மேல். 2019-இல் இத்தாலியின் பொலோனா நீதிமன்றம், அந்தக் காரின் வடிவம் ஒரு கலைப்படைப்பு, அதை யாரும் நகல் எடுக்கக் கூடாது என்று சொன்னது. பட்டறைச் சுத்தியலின் தட்டலை நீதிமன்றம் கலை என்று ஏற்றுக்கொண்டது.

இன்னொன்றும் நடந்தது. 2004-இல் ஃபெராரி புதிய ஜி.டி. கார் ஒன்றை வெளியிட்டது. அதற்கு 612 ஸ்காலியெட்டி என்று பெயர் வைத்தது. ராஜா பெயரோ முதலாளி பெயரோ வைக்கவில்லை. தகடு தட்டியவரின் பெயரை, அவர் உயிரோடு இருக்கும்போதே வைத்தார்கள். பல கோடி கொடுத்து அந்தக் காரை வாங்கியவர்கள் யாரும், ‘தகடு தட்டியவன் பெயர் எழுதிய வண்டியில் நான் உட்கார மாட்டேன்’ என்று சொல்லவில்லை. அந்த ரகக் கார்கள் இரண்டை 2008-இல் ஃபெராரி இந்தியாவுக்கும் கொண்டுவந்து பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிக் காட்டியது. நம் நாட்டுப் பெருநகரங்களில் கூட்டம் கூடிக் கைதட்டியது.

இத்தாலியைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஸ்காலியெட்டி பிறகு பட்டறை முதலாளி ஆனவர். அவரோடு சேர்ந்து தகடு தட்டிய மற்றவர்கள் பெயர் எந்தக் காரிலும் இல்லை. முதலாளித்துவம் ஒரு பெயரை எடுத்துக்கொண்டு நூறு பெயரை மறைக்கும். ஆனாலும் அந்த ஒரு பெயர் வண்டியில் ஏறியபோது ஊர் எரியவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வண்டியில் ஏறிய பெயர்கள்

இத்தாலியக் கார் நம் ஊருக்கு அந்நியம் இல்லை. உங்கள் அப்பாவைக் கேளுங்கள், ‘ஃபியட்’ என்பார். டூரின் நகரத்து ஃபியட் 1100 ரகக் காரை பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்து விற்றது. 1970-களில் அதற்குப் பத்மினி என்று பெயர் மாற்றினார்கள். கதையில் வரும் ஓர் இராஜபுத்திர அரசியின் பெயர். மில் முதலாளி வீட்டிலும் டாக்டர் வீட்டிலும் நின்றது அது. கல்யாணத்துக்கு வாடகைக்கு வந்ததும் அது. நம் தெருக்காரர்களுக்கு அந்தக் காரோடு இருந்த உறவு பெரும்பாலும் கழுவுவது, தள்ளுவது, ஓட்டுவது. அரசியின் பெயர் எழுதியிருந்ததால் ஏற மாட்டேன் என்று யாரும் சொன்னதில்லை.

நாம் ஏறியது பஸ்ஸில். பஸ்ஸுக்கும் பெயர் இருந்தது. மதுரைப் பக்கம் பாண்டியன், திருநெல்வேலிப் பக்கம் கட்டபொம்மன், கோவைப் பக்கம் சேரன், சென்னையில் பல்லவன். திண்டுக்கல்லில் ராணி மங்கம்மாள், காரைக்குடியில் மருது பாண்டியர். அரசர்கள், அரசிகள், பாளையக்காரர்கள். அவர்கள் பெயர் தாங்கிய வண்டியில் நம் அம்மாக்கள் கூடையோடு ஏறினார்கள், நம் அப்பாக்கள் நின்றுகொண்டே மில்லுக்குப் போனார்கள். இது யார் சாதிக்காரர் பெயர் என்று நாம் கேட்டதில்லை. டிக்கெட் எடுத்தோம், இறங்கினோம்.

1997-இல் அரசு விருதுநகரைத் தலைமையிடமாக வைத்துப் புதிய போக்குவரத்துக் கழகம் ஒன்றைத் தொடங்கியது. அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. சுந்தரலிங்கம் யார்? கவர்னகிரியில், தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தில் பிறந்தவர். கட்டபொம்மனின் படைத்தளபதி. 1799-இல் வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கை அழிக்கப் போய், வடிவுடன் சேர்ந்து உயிரைக் கொடுத்தவர் என்று மக்கள் நினைவில் நிற்பவர்.

அடுத்து நடந்ததை இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தலித் பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். பஸ்கள் உடைக்கப்பட்டன. கிராமத்துக்குக் கிராமம் மோதல் பரவியது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. இந்த இரண்டு ஊர்களையும் சுற்றியுள்ள கிராமங்கள் மாதக்கணக்கில் தூக்கம் இல்லாமல் கிடந்தன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை, கூலிக்காரர்களுக்கு வேலை இல்லை.

ஜூலையில் அரசு ஒரு முடிவெடுத்தது. சுந்தரலிங்கம் பெயரை மட்டும் எடுக்கவில்லை. எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்தது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது. கட்டபொம்மனும் போனார், பாண்டியனும் போனார். இன்று நீங்கள் ஏறும் பஸ்ஸில் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று மட்டும் எழுதியிருப்பதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. பஸ் பாஸ் வைத்திருக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். கட்டபொம்மன் பெயர் தாங்கிய பஸ் இருபது ஆண்டுக்கு மேல் நிம்மதியாக ஓடியது. அவருக்காகச் செத்த அவருடைய தளபதியின் பெயர் தாங்கிய பஸ் சில மாதம்கூட ஓட முடியவில்லை. அதே தகரம், அதே டீசல், அதே டிக்கெட் விலை. மாறியது பெயர் மட்டும்தான்.

“எல்லாப் பெயரையும்தானே எடுத்தார்கள்?”

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் ஒன்று உண்டு. எல்லாப் பெயரையும் எடுத்தாயிற்றே, அது சமத்துவம்தானே? நம் தோழர்களிலும் சிலர் இப்படி நினைக்கிறார்கள்.

அன்று உயிர்ப்பலியை நிறுத்த அரசுக்கு வேறு வழி தெரியவில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். அதைச் சமத்துவம் என்று சொல்ல முடியாது. அரசர்கள் பெயர் இருந்த காலம் முழுக்க யாருக்கும் பெயர் பிரச்சினையாக இருக்கவில்லை. நம் முறை வந்தபோதுதான் பெயர் வைப்பதே தப்பு என்று விதி வந்தது. வரிசையில் நின்று நம் தட்டை நீட்டும்போது பந்தியையே முடித்துவிட்டு, இனி யாருக்கும் சோறு இல்லை, எல்லோரும் சமம் என்று சொன்னால் எப்படி இருக்கும்? முன்னால் சாப்பிட்டவர்கள் வயிறு நிறைந்துதானே எழுந்துபோனார்கள்?

இன்னொரு பதிலும் வரும். பெயரா சோறு போடும், வேலை, படிப்பு, நிலம் கேளுங்கள் என்பார்கள். கேட்கிறோம், கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனால் பெயருக்கு மதிப்பில்லை என்று நம்மிடம் சொல்பவர்கள் தங்கள் வீட்டில் அப்படி நடந்துகொள்வதில்லை. மில்லுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மண்டபத்துக்கும் தாத்தா பெயர் வைக்கிறார்கள். ஒரு நடிகர் உட்கார்ந்த சீட்டு என்பதற்காகத் துருப்பிடித்த காருக்குக் கோடி கோடியாகக் கொடுக்கும் உலகம் இது. பெயரால் மதிப்பு ஏறும் என்பது சந்தைக்குத் தெரிகிறது. அதனால்தான் அந்தப் பெயர் யாருடையதாக இருக்கக் கூடாது என்பதில் சாதி இவ்வளவு கவனமாக இருக்கிறது.

வண்டியில் ஏறும் உரிமையையே சட்டம் போட்டுத்தான் காக்க வேண்டியிருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போவதைத் தடுப்பது குற்றம் என்று அதில் தனியாக எழுதியிருக்கிறார்கள். திருமண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ போவதைத் தடுப்பதும் குற்றம். சும்மா யாரும் சட்டத்தில் சைக்கிளை எழுதமாட்டார்கள். இறங்கி உருட்டிக்கொண்டு போ என்று சொன்ன தெருக்கள் இருந்ததால்தான், இருப்பதால்தான் எழுதினார்கள்.

நம்முடைய கோப்பு

நம்மிடமும் ஒரு பழம்பெரும் வண்டி உண்டு. இராஜபாளையத்துக்கு மேற்கே தெரியும் மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூரில், வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யங்காளி 1893-இல் ஒரு வில்லுவண்டி வாங்கினார். புலையர்கள் நடக்கவே கூடாது என்று வைத்திருந்த பொதுச் சாலையில், நல்ல வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, மணி ஒலிக்க அந்த வண்டியை ஓட்டிப்போனார். வழிமறித்தார்கள், அவர் திரும்பவில்லை. அந்த வண்டி யாருடைய ஏலத்திலும் வரப்போவதில்லை. ஆனால் 130 ஆண்டு கழித்தும் அய்யங்காளியின் வில்லுவண்டி என்றால் கேரளத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் மக்கள் சொல்லிச் சொல்லி, எழுதி எழுதி, ஊர்வலத்தில் அதேபோல வண்டி செய்து ஓட்டி, அந்தப் பெயரைக் காப்பாற்றினார்கள்.

நாம் அதைச் செய்தோமா? 1997-க்கு நம்மிடம் என்ன கோப்பு இருக்கிறது? அன்று பாதிக்கப்பட்டவர்கள் பலர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். பலர் போய்விட்டார்கள். எரிந்த வீட்டின் படம் யாரிடம் இருக்கிறது? முதல் தகவல் அறிக்கையின் நகல்? நிவாரணம் கொடுத்த ஆணை? வீரன் சுந்தரலிங்கம் போக்குவரத்துக் கழகம் என்று அச்சடித்த ஒரு பஸ் டிக்கெட்? ஒரே ஒரு டிக்கெட் கிடைத்தால்கூட அந்த ஃபெராரியை விட நமக்கு அது பெரிது.

அதனால் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு வேலை வைக்கிறோம். பணம் தேவையில்லை, கைப்பேசி போதும்.

உங்கள் தெருவில் 1997-ஐப் பார்த்த ஒருவரிடம் உட்காருங்கள். பெயர், ஊர், நாள், என்ன நடந்தது என்று அவர் சொல்வதை அவர் மொழியிலேயே பதிவு செய்யுங்கள். அவர் வேண்டாம் என்றால் பெயரை வெளியிடாதீர்கள், அவருடைய பாதுகாப்பு முக்கியம். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் தாள்களைப் படம் எடுங்கள். ரேஷன் கார்டு, பழைய நாளிதழ்த் துண்டு, கோர்ட் சம்மன், எதையும் சின்னது என்று விடாதீர்கள். அரசிடம் இருக்க வேண்டிய தாள்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் கோப்பில் வையுங்கள். இன்று நடக்கும் வன்கொடுமைக்கும் இதே பழக்கம் வேண்டும். நாம் வாயால் சொன்ன புகாரை எழுதி, நமக்குப் படித்துக்காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும், பதிவு செய்ததன் நகலை உடனே தர வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. நகல் வாங்காமல் காவல் நிலையத்தை விட்டு வராதீர்கள்.

தம்பி, உங்களுக்குத் தனியாக ஒன்று. அந்தக் காரைப் பார்த்து ஆசைப்படுவதில் தப்பில்லை. எளிமையாக இருக்க வேண்டும் என்று நமக்கு மட்டும் பாடம் எடுப்பவர்களை நாங்கள் நம்புவதில்லை. நல்ல வண்டியை நீங்கள் ஓட்டவும் வேண்டும், உங்கள் பெயரில் ஆர்.சி. புக் இருக்கவும் வேண்டும். அதற்கு முன்னால் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நீங்கள் பட்டறையில் நிமிர்த்தும் ஒவ்வொரு வண்டியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன ரகம், எங்கே அடி, எத்தனை நாள் வேலை, யாரிடம் கற்றுக்கொண்ட கைவேலை என்று எழுதி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். உங்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரியின் பெயரையும் போடுங்கள்.

அடுத்த ஞாயிறு அந்த நோட்டோடு வாருங்கள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பதிவோடு வாருங்கள். டீ நாங்கள் வாங்கித் தருகிறோம்.

ஜெய் பீம்.